மலை ஊரின் நில உபயோக விதியைத் திருத்தி எழுத: ஒரு வரைவாளரின் கைக்குறிப்பு

ஊரில் எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று சொல்லும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வந்ததும் யாராவது செல்போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கி என் முன் நீட்டுவார்கள். "அக்கா, நம்ம இடம் என்ன கலர்ல இருக்கு?" நான் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான். "உங்க இடத்துல மழைத்தண்ணி எந்தப் பக்கம் இறங்குது?"

31 வருடம் சமவெளியில் ஓர் அலுவலகத்தில் வரைவாளராக இருந்தேன். பிறந்தது கொடைக்கானல் நாயுடுபுரம். ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்துவிட்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மலை ஊரின் நில உபயோக வரைபடத்துக்கு வண்ணம் பூசினேன். அதில் ஒரு பள்ளம். சின்ன வயதில் அங்கே நடந்தால் கணுக்கால் வரை புதையும், மார்ச் மாதத்திலும் ஈரம் காயாது. மேசைக்கு வந்த தாளில் அது குடியிருப்பு என்று இருந்தது. நான் மஞ்சள் பூசினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்த அன்று அந்தப் பள்ளத்துத் தடுப்புச் சுவர் சரிந்து இரண்டு வீட்டு அடுப்படிக்குள் சேறு நிறைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்த மஞ்சளை நான் மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வார்டுக்கான விதியை நீங்களே உட்கார்ந்து எழுதி, ஆட்சேபணையோடு சேர்த்துக் கொடுப்பது எப்படி என்று.

முதலில் சட்டம், சுருக்கமாக. முழுமைத் திட்டம் தயாரிப்பது 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று பிரிப்பது அதன் 17-ஆம் பிரிவு. வரைவை வெளியிட்டு ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும் என்பது 26-ஆம் பிரிவு. அதற்குத் தரும் அவகாசம் இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு மாதம் நீளம் போலத் தெரியும், நம்பாதீர்கள். காகிதம் சேகரிக்கவே ஒரு மாதம் ஓடிவிடும். வரைவு வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

மலைக்கு இன்னும் சில வேலிகள் உண்டு. 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1990-இல் அமைத்த மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம், 1993-இல் மலை வாசஸ்தலங்களுக்கென்று வந்த கட்டட விதிகள், 2019-இல் மாநிலம் முழுமைக்கும் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். வரைபடத்தில் மஞ்சள் இருக்கிறது என்பதற்காக இவையெல்லாம் விலகிவிடாது. மலைப்பகுதிக் குழுமத்தின் கீழ் வரும் கிராமத்தில் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை என்று ஒவ்வொரு வாசலாக ஏற வேண்டும். மனை விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

காகிதம்

கிராம வரைபடம், ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படம், அந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று எழுதிய "அ" பதிவேடு. இந்த மூன்றும் கையில் இல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள். பட்டா, "அ" பதிவேட்டு விவரம் எல்லாம் அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். "அ" பதிவேட்டில் ஓடை, வாய்க்கால், பாதை, புறம்போக்கு என்று எழுதிய சர்வே எண்களை மட்டும் ஒரு தாளில் தனியாக எடுங்கள். பிறகு 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். கணக்குக்கு முந்தைய பழைய பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பழையதில் ஓடை என்று இருந்து புதியதில் புஞ்சை ஆகியிருந்தால், அந்த எண்ணைச் சிவப்பில் சுழியுங்கள். உங்கள் ஆட்சேபணையில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

வரைவோடு "தற்போதைய நில உபயோகம்" என்று இன்னொரு வரைபடமும் இருக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. எதிர்காலத் திட்டம் அதன் மேல்தான் நிற்கிறது. அது தப்பென்றால் எல்லாம் தப்பு. அது கைக்குக் கிடைக்கவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அந்த 30 நாளை இரண்டு மாதக் கணக்கில் இப்போதே கழித்து வையுங்கள்.

நடை

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். ஐந்து பேர் சேர்ந்து இரண்டு தடவை நடக்க வேண்டும். ஒரு நடை ஐப்பசி அடைமழையில், இன்னொன்று மாசி, பங்குனி வறட்சியில். மழையில் நடந்தால் தண்ணீர் ஓடும் வழி தெரியும். வெயிலில் நடந்தால் வற்றாத ஊற்று தெரியும். குழுவில் 60 வயது தாண்டிய ஒரு பெண் கட்டாயம் இருக்கட்டும். குடம் தூக்கியவர்களுக்குத்தான் ஊற்று எங்கே இருந்தது என்று தெரியும். எங்கள் நடையில் ஒரு பாட்டி, ஒரு விடுதியின் கார் நிறுத்தும் இடத்தைக் காட்டி, "இங்கதான்டி நாங்க துணி அலசுவோம்" என்றார். சிமெண்ட் தரையின் ஓரத்தில் பாசி படிந்து நீர் கசிந்துகொண்டுதான் இருந்தது. எந்த வரைபடத்திலும் அந்த ஊற்று இல்லை.

சதுப்பை அடையாளம் காண்பது எளிது. புல் மட்டும் இருக்கும், மரம் பெரிதாக வளராது. மிதித்தால் மண் அமுங்கி எழும். சோலைக்காடும் புல்வெளியும் சேருகிற மடிப்புகளில் இவை அதிகம். மழையைப் பிடித்து வைத்து மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இந்தப் பஞ்சுதான். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற சமதரை. முதலில் விற்பதும் அதுதான்.

கீழே யார் இருக்கிறார்கள் என்பதையும் குறியுங்கள். பாம்பாறு இங்கிருந்து இறங்கித்தான் பெரியகுளம் அருகே கும்பக்கரையில் விழுகிறது. ஏரியின் மிகுநீர்தான் மலைப்பாதையில் எல்லோரும் நின்று படம் எடுக்கிற வெள்ளி நீர்வீழ்ச்சி. நம் வார்டின் செப்டிக் டேங்க் எங்கே வழிகிறது என்பது வேறொரு மாவட்டத்துக்காரரின் குளியல் தண்ணீர் விஷயமும்கூட.

சரிவை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 2 மீட்டர் நேரான பலகை, கொத்தனாரின் ரசமட்டம், ஒரு டேப். பலகையின் ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டத்தில் குமிழி நடுவே நிற்கும்வரை மறுமுனையைத் தூக்கிப் பிடியுங்கள். அந்த முனையிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளங்கள். 60 சென்டிமீட்டர் என்றால் சரிவு ஏறத்தாழ 17 டிகிரி. 115 என்றால் 30 டிகிரி. ஒரு மனைக்கு ஐந்து இடத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

"சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்திலேயே உயரக் கோடுகள் இருக்கே, எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பார்கள். அந்த வரைபடம் 50,000-க்கு 1 என்ற அளவில், 20 மீட்டருக்கு ஒரு கோடு. 5 சென்ட் மனை என்பது பக்கத்துக்குச் சுமார் 14 மீட்டர். அந்தத் தாளில் அது 0.3 மில்லிமீட்டர்கூட வராது. நான் கோடு போட வைத்திருந்த ரோட்ரிங் பேனாவின் முனையே 0.3. ஒரு குடும்பத்தின் வீடும் நிலமும் என் பேனா முனைக்குள் அடங்கிவிடும். அதை வைத்து இந்த மனை பத்திரமா என்று யாரும் சொல்ல முடியாது. காலால் நடந்து அளந்த கணக்குத்தான் அங்கே பேசும்.

வாசகம்

இப்போது எழுத உட்காருங்கள். வரிசை முக்கியம். முதலில் நீர், அடுத்து சரிவு, மூன்றாவது வழி, கடைசியாகத்தான் குடியிருப்பா வணிகமா என்ற பேச்சு. அலுவலகத்தில் வரிசை நேர் எதிராக இருக்கும். இன்றைக்கு என்ன கட்டியிருக்கிறது என்று பார்த்து நிறம் பூசிவிட்டு, மிச்சத்தில் ஓடையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள்.

"இயற்கையைப் பாதுகாக்க வேண்டும்" என்று மனுவில் எழுதினால் அதை வைத்து ஓர் அதிகாரி ஒன்றும் செய்ய முடியாது. அப்படியே எடுத்து விதியில் ஒட்டக்கூடிய வாக்கியமாக எழுதிக் கொடுங்கள். எங்கள் வார்டுக்கு நாங்கள் எழுதியது இப்படி:

"இணைப்பில் கண்ட சர்வே எண்களில் உள்ள ஓடையின் இரு கரையிலும் 15 மீட்டருக்குள்ளும், ஊற்றைச் சுற்றி 30 மீட்டருக்குள்ளும் புதிய கட்டடம், மண் நிரப்புதல், கான்கிரீட் தளம் ஆகியவை தடை செய்யப்படுகின்றன. ஊற்றுக்கு மேல்புறச் சரிவில் உறிஞ்சுகுழி அமைப்பது இந்தத் தூரத்துக்கு அப்பாலும் தனி ஆய்வுக்குப் பிறகே அனுமதிக்கப்படும்."

இந்த எண்கள் எங்கள் நடையில் கிடைத்தவை. உங்கள் மண்ணுக்கு வேறு வரலாம். "அருகில்", "போதிய தூரம்", "இயன்றவரை" போன்ற சொற்களை மட்டும் எழுதாதீர்கள். வேலி இல்லாத இடத்தில் மாடு நுழைவது போல அந்தச் சொல் வழியாகத்தான் கட்டடம் நுழையும்.

உயரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், மலையில் அதிகம் ஏமாறுவது இதில்தான். சாலையிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி. பள்ளத்துப் பக்கம் இறங்கித் திரும்பிப் பார்த்தால் நான்கு. இடையில் ஒன்று தூண்கள் மேல் நிற்கும் கார் நிறுத்தம் என்று கணக்கிலேயே வராமல் இருக்கும். அடுத்த வருடம் அதற்கும் சுவர் எழும்பி அறை ஆகும். விதியில் உயரத்துக்கு எண் இருந்தால் மட்டும் போதாது, எங்கிருந்து அளப்பது என்று இருக்க வேண்டும். நாங்கள் எழுதியது: "கட்டடத்தின் உயரம், மண் வெட்டுவதற்கு முன் இருந்த இயற்கைத் தரையைக் கட்டடம் தொடும் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து அளக்கப்படும். தூண்கள் மேல் நிற்கும் திறந்த தளமும் ஒரு தளமே." இதோடு விண்ணப்பத்தில் மண் வெட்டும் முன் எடுத்த குறுக்குவெட்டுப் படம் கட்டாயம் என்று ஒரு வரி. பொக்லைன் வந்து போன பிறகு இயற்கைத் தரை எது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

இந்த ஊரில் ஓர் ஓட்டல் இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கி ஏழு தளம் எழுப்பியது. விதிவிலக்கு தந்து அரசாணையும் வந்தது. பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் என்ற சூழல் அமைப்பு நீதிமன்றம் போனது. 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று அந்த விதிவிலக்கு நிற்கவில்லை. நான் இதைச் சொல்வதற்குக் காரணம், விதி நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் "அரசு கருதினால் தளர்த்தலாம்" என்ற ஒரு வரி எல்லாவற்றையும் கரைத்துவிடும். வரைவில் "தளர்த்த", "விலக்களிக்க" என்று வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு வரை, யாருக்கு அறிவித்த பிறகு என்று மூன்று நிபந்தனை கேளுங்கள். மாநிலச் சட்டத்தில் உள்ள விலக்கு அதிகாரத்தை ஒரு வார்டு மனு எடுத்துவிட முடியாது. திட்டத்துக்குள்ளேயே புதிதாகக் கதவு வைப்பதைத் தடுக்கலாம்.

அப்புறம் காட்டேஜ். குடியிருப்பு என்று அனுமதி வாங்கி விடுதி நடத்துவது. 2019-இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இங்கே விதிமீறிய கட்டடங்களைப் பூட்டி சீல் வைத்தபோது, பெரிய விடுதிக்காரர்களோடு, இருந்த ஒரே வீட்டில் மாடி அறையை வாடகைக்கு விட்டவர்களும் தவித்தார்கள். இரண்டையும் ஒரே சொல்லில் எழுதியதன் விளைவு அது என்பது என் எண்ணம். எத்தனை அறை, உரிமையாளர் அதே வீட்டில் வசிக்கிறாரா, கழிவுநீருக்கு என்ன ஏற்பாடு என்று மூன்றையும் வைத்து "இல்லத் தங்கல்" என்பதற்குத் தனி வரையறை கேளுங்கள். வரைபடத்தில் பச்சையாக வரும் விவசாயப் பகுதியில் "பண்ணை வீடு" என்ற சொல்லுக்கும் இதே கதை. பூண்டும் கேரட்டும் போடுகிறவர் தங்க ஓர் அறை வேண்டும், நியாயம். வரையறை இல்லாவிட்டால் அதே சொல்லில் நீச்சல் குளம் வைத்த விடுதியும் வரும். குறைந்தபட்சப் பரப்பு, அதிகபட்சத் தளப்பரப்பு, வாடகைக்கு விடக் கூடாது என்ற வரி, இந்த மூன்றும் வேண்டும். மேல்மலைப் பக்கம் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது விளைய மண் மிஞ்சியிருக்க வேண்டுமே.

ஒன்றை மறந்துவிட்டால் மேலே சொன்னதெல்லாம் அநியாயமாகிவிடும். இரண்டு சென்ட்டில் தகரக் கூரை போட்டு மூன்று தலைமுறையாக இருக்கிறவர்கள் பலர் ஓடைக்கரையில்தான் இருக்கிறார்கள். வேறு இடம் அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. புதிய விதி ஒரே இரவில் அவர்களை ஆக்கிரமிப்பாளர் ஆக்கக் கூடாது. "இந்த நாளுக்கு முன் இருந்த, இத்தனை சதுர அடிக்குக் குறைந்த வீடுகள் தொடரலாம், பழுது பார்க்கலாம், பரப்பைக் கூட்டக் கூடாது. இடம் மாற்றினால் அதே வார்டுக்குள், முன்கூட்டியே வீடு கொடுத்த பிறகு" என்று எழுதுங்கள். பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகள் உங்கள் எல்லையில் இருந்தால் அவர்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் அவர்கள் இடத்துக்கு நீங்கள் நிறம் சொல்லாதீர்கள்.

நல்ல எண்ணத்தில் பலர் செய்யும் ஒரு தவறு: சதுப்பு நிலத்தைப் "பூங்கா" என்று ஒதுக்கச் சொல்வது. தனியார் பட்டாவில் இருக்கிற நிலத்தைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கினால், மூன்று வருடத்துக்குள் அரசு கையகப்படுத்தாவிட்டால் ஒதுக்கீடு விடுபட்டதாகவே கருதப்படும். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அது. கையில் பணமில்லாத நகராட்சி எங்கே வாங்கப் போகிறது? மூன்று வருடம் கழித்து அந்தச் சதுப்பு முன்னைவிடத் தாராளமாகத் திறந்துவிடும். அதனால் நிலம் யாருடையதாக இருந்தாலும் பொருந்துகிற உபயோகக் கட்டுப்பாடாகக் கேளுங்கள். ஈரநிலம், மேய்ச்சல், காய்கறி அனுமதி. மண் நிரப்பவும் கட்டவும் தடை. பட்டாதாரரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். அவருக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

கொடுப்பது

ஒரு மனுவில் ஒரே விஷயம். மேலே சர்வே எண், உட்பிரிவு எண், வரைவின் பக்க எண். அடுத்து வரைவில் இருக்கும் வாசகம், அதன் கீழே நீங்கள் கேட்கும் வாசகம், அதன் கீழே காரணம் ஐந்து வரி. இணைப்பாகப் படமும் அளவும். மழையில் எடுத்த படத்தில் தேதி தெரியட்டும். 200 பேர் கையெழுத்துப் போட்ட ஒரே மனுவைவிட, தனித்தனி சர்வே எண்ணுக்குத் தனித்தனி ஆதாரத்தோடு வரும் 20 மனுக்கள் கனமானவை. ஒவ்வொன்றையும் அவர்கள் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும். ஒப்புகை முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

வில்பட்டி போல நகராட்சியை ஒட்டிய ஊராட்சியில் இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் ஒன்றாவது உங்கள் இரண்டு மாதத்துக்குள் விழக்கூடும். தீர்மானத்தில் சர்வே எண்கள் எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும், நகல் அன்றைக்கே கேளுங்கள். நகராட்சிக்குள் இருந்தால் வார்டு கவுன்சிலரை மன்றத்தில் பேசச் சொல்லி அது பதிவாகிறதா பாருங்கள்.

நேரில் விசாரணைக்குக் கூப்பிட்டால் அந்தப் பாட்டியை அழைத்துப் போங்கள். எங்கள் ஆட்சேபணையின்போது அவர் மேசையில் விரித்த வரைபடத்தைப் பார்த்து, "இதுல தண்ணி எங்கப்பா?" என்று மட்டும்தான் கேட்டார். அதிகாரி வயதில் என் மகன் மாதிரி. பேனாவை எடுத்து அந்த இடத்தில் ஒரு குறி போட்டார், மறு வாரம் நேரில் வந்தும் பார்த்தார். அங்கே இருப்பவர்களில் பலரும் நல்லவர்களே. மேலே ஏறி வந்து பார்க்க அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது.

அரசு ஒப்புதல் தந்து அரசிதழில் வந்ததும் வேலை முடிந்தது என்று கோப்பைக் கட்டிவிடாதீர்கள். இறுதி வரைபடத்தை வரைவின் அதே அளவில் அச்செடுங்கள். அதன் மேல் ட்ரேசிங் தாள் வைத்து, நீங்கள் நடந்து குறித்த ஊற்று, ஓடை, சதுப்பு எல்லாவற்றையும் பென்சிலால் வரையுங்கள். காலையில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணாகப் பாருங்கள். எங்கள் 20 மனுவில் 11 ஏறியிருந்தது. ஏறாத 9 எண்களையும் ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். திட்டத்தை மறுஆய்வு செய்ய நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு முன் அந்த எண்களில் யாராவது நில உபயோக மாற்றம் கேட்டு நாளிதழில் அறிவிப்பு கொடுத்தால், பழைய மனுவின் நகலும் ஒப்புகையும் நோட்டுக்குள்ளேயே இருக்கின்றன.